ஏரித்துறையின் நாலாங்கால்

அய்யா,

இந்தக் கடிதத்தில் எதையும் கூட்டாமலும் குறைக்காமலும், நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். அழகாக இருக்கிறது என்பதற்காக ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன். ஒருமுறை அப்படி ஒரு சொல்லை மாற்றினேன். அதை உங்களிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பத்து மாதம் தள்ளிப்போட்டேன். அதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். அதைச் சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று மத்தியானம் எங்கள் போர்டிங்கின் சாப்பாட்டுக் கூடத்துக்குத் தச்சர் ஒருவர் வந்தார். கூரையில் கரையான் பிடித்திருக்கிறதோ என்று வார்டன் அம்மாவுக்குச் சந்தேகம். தச்சர் ஏணி போட்டு ஏறி, உத்திரங்களை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங் என்று கேட்டுக்கொண்டே வந்தது. ஐந்தாவது உத்திரத்தில் பொத்தென்று ஒரு சத்தம், ஈரச் சாக்கை அடித்த மாதிரி.

“இது ஊமைங்கம்மா. மாத்திரணும்” என்றார்.

“உத்திரம் எப்பப் பேசுச்சு, இப்ப ஊமையாகுறதுக்கு?” என்றார்கள் வார்டன் அம்மா. சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மோர்ச்சோற்றில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். அந்தச் சொல்லை உங்கள் வாயிலிருந்து கேட்டு மூன்று வருஷம் ஆகப்போகிறது. ஊமை என்றால், தட்டினால் பதில் சொல்லாத மரம். பார்வைக்கு நன்றாக இருக்கும்; உள்ளே ஒன்றும் இருக்காது. இவ்வளவுதான் பொருள். தச்சருக்குத் தெரிகிறது. உங்களுக்குத் தெரிந்திருந்தது. வகுப்பில் தமிழில் முதலாவதாக வந்துகொண்டிருந்த எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

நீங்கள் மலைமேல் ஏரியில் படகுத்துறையைக் காக்கும் லஸ்கராக இருந்தீர்கள். கூடலூரில் நம் வீட்டு வாசலில் நின்றால் மலை தெரியும். ஏரி தெரியாது, அது மலைக்கு அந்தப் பக்கம். அதனால் துறையை எனக்கு நீங்கள் சொல்லித்தான் தெரியும். ஏரியில் தண்ணீர் ஏறினால் துறைக்கு இறங்கும் பலகைப் பாலத்தை மேலே இழுக்க வேண்டும்; இறங்கினால் கீழே தள்ள வேண்டும். அளவுக்கம்பத்தில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று காலையும் மாலையும் பார்க்க வேண்டும். கயிறு கட்டும் வளையங்களுக்கு எண்ணெய், பலகைகளுக்குத் தார். ஏரிக்குள் மூழ்கிப்போன காட்டு மரங்களின் மொட்டைகள் பெயர்ந்து மிதந்து வந்தால், லாஞ்சுப் படகில் மோதாமல் மூங்கில் கழியால் தள்ளிவிட வேண்டும். யானை ராத்திரி வந்து பாலத்தில் முதுகு சொறிந்துவிட்டுப் போயிருந்தால், காலையில் பெயர்ந்த ஆணியை எல்லாம் திரும்ப அடிக்க வேண்டும். “அதுக்குன்னு நாம ஒரு சீப்பு வாங்கிக் குடுக்க முடியுமா?” என்பீர்கள்.

பெரியப்பாவுக்கு உங்கள் வேலையின் மேல் எப்போதும் ஒரு கேலி. “நெலத்த விட்டுப்போட்டுத் தண்ணிக்குக் காவல் இருக்கியாக்கும்? அது என்ன, ஓடியா போகும்?” என்பார். “ஓடித்தானண்ணே போகுது, ஒன் வயலுக்கு” என்று நீங்கள் சொன்னதும் வாயை மூடிக்கொள்வார். ஏரித் தண்ணீர் மலையைக் குடைந்த வழியாக இறங்கி வந்துதானே நம் பள்ளத்தாக்கு முழுவதும் இரண்டு போகம் விளைகிறது.

தினமும் பார்த்ததை எழுதிவைக்க மராமத்து இலாகாவில் ஒரு பெரிய புஸ்தகம் கொடுத்திருந்தார்கள். திங்கட்கிழமை தோறும் ஓவர்சியர் வந்து அதைப் பார்ப்பார். உங்களுக்கு உங்கள் பெயரை மட்டும் எழுதத் தெரியும். முன்பு எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்த குமாஸ்தா மாற்றலாகிப் போனபோது நீங்கள் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், புஸ்தகத்தைக் கம்பளியில் சுற்றிக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு மலையிறங்கி வந்து என் முன்னால் வைத்தீர்கள். எனக்கு அப்போது பதினோரு வயது.

ஏழு நாள் சங்கதியையும் எப்படி நினைவில் வைத்திருந்தீர்கள் என்று இங்கே என் சிநேகிதிகளிடம் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்கள். மடியை அவிழ்த்து ஒவ்வொன்றாகத் தரையில் வைப்பீர்கள்.

“இந்தா, இது திங்கக்கெழம.” துருப்பிடித்த ஆணி. மேல்பலகையில் ஆணி நெட்டிக்கொண்டது என்று எழுத வேண்டும்.

“இது செவ்வா.” வெற்றிலையில் மடித்த துரு, சங்கிலியிலிருந்து சுரண்டியது.

“புதன் எங்கய்யா?”

“புதன்கெழம மழத்தா. மழையவா மடியில கட்டிட்டு வர முடியும்?”

அம்மா அடுப்படியிலிருந்தே சத்தம் போடுவார்கள். “ஊருல மத்த ஆம்பளைக பூவும் பலகாரமும் வாங்கிட்டு வாராக. ஒங்கய்யா ஆணியும் துருவும் கொண்டாந்துருக்காக.”

“நீ தலையில வச்சுக்கிருவேன்னுதான் கொண்டாந்தேன்” என்பீர்கள். அம்மா அகப்பையை ஓங்கிக்கொண்டு வருவார்கள். அந்தச் சனிக்கிழமைகள் போல வேறு எதற்கும் நான் இவ்வளவு ஏங்கியதில்லை.

ஒரு வாரம் ஓவர்சியர், “என்னய்யா, ஏழு நாளும் ஒனக்கு ஒரே நாள்ல வந்துச்சா? எல்லாம் ஒரே மையா இருக்கு” என்று கேட்டுவிட்டாராம். நீங்கள் பயந்துகொண்டே வந்து சொன்னீர்கள். அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். செவ்வாய்க்கிழமைக்கு மையில் கொஞ்சம் தண்ணீர் கலந்தேன். வியாழக்கிழமைக்கு வேறு நிப்பு. மழை நாளுக்குப் பென்சில். அது பொய் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. நீங்கள் சொன்ன சங்கதி எல்லாம் நிஜம். மை மட்டும்தான் பொய்.

பிறகு ஒரு வாரம் வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னீர்கள்: “ஓவர்சியர் சொன்னாகத்தா, நல்ல தமிழாம். வாசிக்க வாசிக்க ஏரியே கண்ணு முன்னால வருதாம்.” நான் எழுதியதற்கு உங்களைப் புகழ்ந்திருக்கிறார். நீங்கள் அதை அப்படியே கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டீர்கள். வந்தது வினை. அன்றிலிருந்து நான் இன்னும் நன்றாக எழுதத் தொடங்கினேன். நீங்கள் “மழ பேஞ்சது” என்றால் நான் “மாரி பொழிந்தது” என்றேன். “பலக ஆடுது” என்றால் “பலகை அசைவுறுகிறது” என்றேன். நீங்கள் வாசித்துக் காட்டச் சொன்னதே இல்லை. என் பேனா ஓடுவதைப் பார்த்துக்கொண்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பீர்கள். முடிந்ததும் கீழே உங்கள் பெயரைப் போடுவீர்கள். அதற்கு ஒரு நாழிகை ஆகும்.

எட்டு மரக்கால்களின் மேல் அந்தத் துறை நின்றது. அவற்றில் நாலாங்கால் தண்ணீர்ப் பக்கத்து மூலைக்கால். லாஞ்சின் கயிற்றைக் கட்டுவது அதில்தான். எனக்குப் பதிமூன்று வயது நடந்த வருஷம், கார்த்திகை மாத மழையில், மூன்று சனிக்கிழமை தொடர்ந்து அதைப் பற்றியே சொன்னீர்கள். “லாஞ்சு இழுக்கையில நாலாங்கால் மொனங்குதுத்தா.” நானும் மூன்று வாரமும் “முனகுகிறது” என்று எழுதினேன். அந்த வரிக்குப் பக்கத்தில் ஓவர்சியர் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டிருந்தார். புது மரத்துக்குச் சொல்லியிருப்பதாக உங்களிடம் சொன்னாராம்.

நாலாவது சனிக்கிழமை நீங்கள் மடியிலிருந்து அந்தக் காலுக்கு என்று ஒன்றும் எடுக்கவில்லை.

“நாலாங்கால் ஊமையாயிருச்சு. எழுது” என்றீர்கள்.

நான் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு யோசித்தேன். மூன்று வாரமாக முனகிக்கொண்டிருந்தது இப்போது முனகவில்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். ஊமை என்பது இலாகா புஸ்தகத்தில் எழுதுகிற சொல்லா? நன்றாக யோசித்து, “நாலாம் கால் அமைதியுற்றது” என்று எழுதினேன். எழுதிவிட்டு அந்த வரியை இரண்டு தரம் மனசுக்குள் வாசித்துப் பார்த்தேன், அவ்வளவு பிடித்திருந்தது. அன்றைக்கு உங்கள் முகம் எப்படி இருந்தது என்று இப்போது எவ்வளவு நினைத்துப் பார்த்தாலும் ஞாபகம் வரவில்லை. நான் சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன், உங்களைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் “இன்னும் மரம் வரலையே” என்று சொல்லிக்கொண்டு வந்தீர்கள். “கேட்டா, பாப்போம் பாப்போங்குறாக” என்றீர்கள். நானும் உங்களோடு சேர்ந்து ஓவர்சியரைத் திட்டினேன். எதற்கு மரம் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. வேறு ஏதோ காலுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

தை பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது, சனிக்கிழமை அல்லாத ஒரு நாளில், வேட்டியெல்லாம் சேறாக வந்து நின்றீர்கள். அம்மா பதறிப்போனார்கள். பொங்கலுக்கு ஊர் திரும்பும் கூலி ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த லாஞ்சைக் கட்டியதும் காற்று இழுத்தது. நாலாங்கால் தண்ணீர் மட்டத்தில் முறிந்து, துறையின் அந்த மூலை அப்படியே அமிழ்ந்துவிட்டது. நீங்கள் ஏரிக்குள் குதித்து, சரிந்த பலகையைத் தோளில் தாங்கிக்கொண்டு, அத்தனை பேரும் கரையேறும்வரை கழுத்தளவு தண்ணீரில் நின்றிருக்கிறீர்கள். ஒரு பெரியவருக்குக் காலில் காயம். இரண்டு மூட்டையும் ஒரு சேவலும் தண்ணீரில் போயின. “சேவல் நீந்திக் கரையேறிருச்சு. நம்மளவிட அதுக்குச் சூதானம்” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தீர்கள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பெரியப்பா வந்து குதித்தார். “ஊமக்கால்னு நீ சொல்லியும் மரத்த மாத்தாம விட்டானே, அந்த ஓவர்சியர! மரத்தோட நெஞ்சு உளுத்துப்போனா தட்டுனாப் பேசாதுன்னு அவனுக்குத் தெரியாதா?”

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு அந்த இடத்தில்தான் ஊமை என்ற சொல்லின் பொருள் தெரிந்தது.

“விடுண்ணே. புஸ்தகத்துல என்ன எழுதிருக்கோ, அதுதான அவுகளுக்குத் தெரியும்” என்றீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, “என்னத்தா, பரீட்ச எப்ப?” என்று கேட்டீர்கள். “மாசி மாசம்ய்யா” என்றேன்.

பொங்கல் கழிந்ததும் உங்களை ஏரியிலிருந்து எடுத்து, கீழே வாய்க்கால் மதகுக்குப் போட்டார்கள். வீட்டுக்குப் பக்கம், தினமும் சாயங்காலம் வந்துவிடுவீர்கள். எனக்கு அதில் சந்தோஷமும் இருந்தது, அதை நினைத்து வெட்கமும் இருந்தது. நீங்கள் மட்டும் வாய்க்கால் கரையில் உட்கார்ந்தால் மலைப் பக்கமாகத்தான் உட்காருவீர்கள். நான் சாப்பாடு கொண்டுவந்த ஒரு நாள், கையில் தண்ணீரை அள்ளி என்னிடம் நீட்டி, “இது நேத்து எங்க தொறையத் தொட்டுட்டு வந்த தண்ணித்தா” என்றீர்கள். அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று வீட்டிலேயே தீர்மானம் செய்துகொண்டுதான் வந்திருந்தேன். அந்தத் தண்ணீரைப் பார்த்த பிறகு சொல்ல முடியவில்லை. சொன்னால் என்னிடம் எழுதக் கொடுக்கமாட்டீர்கள் என்ற பயமும் இருந்தது. உள்ளபடியே எழுதுவதாகச் சொன்னேன் அல்லவா? அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

ஏனென்றால் மதகிலும் ஒரு நோட்டு இருந்தது, அதையும் நான்தான் எழுதினேன். ஆனால் ஒன்று புதிதாக வந்தது. முதல் நாள் நான் எழுதி முடித்துப் பேனாவை மூடியதும், “எழுதுனத ஒருக்கா வாசி ஆத்தா” என்றீர்கள்.

இரண்டு வருஷம் கேட்காதவர் கேட்டதும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் குரலைக் கேட்க ஆசை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள். அன்றிலிருந்து ஒரு நாள்கூட விடவில்லை.

“ஷட்டர் பல்லக் கடிக்குது” என்று ஒரு நாள் சொன்னீர்கள்.

நான் பேனாவை நிறுத்தினேன். “பல்லைக் கடிக்கிறதுன்னேவா எழுத?”

“பெறகு? அது கடிக்கத்தான செய்யுது.”

“அப்படின்னா என்னய்யா?”

“எறக்கும்போது ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல எறங்கல. ஒரு பக்கம் மாட்டிக்கிருது. மணல் அடச்சிருக்கும்.”

நீங்கள் சொன்னதையே எழுதி, அதன் பொருளையும் பக்கத்தில் எழுதினேன். வாசித்துக் காட்டினேன். “இப்பச் சரி” என்றீர்கள். அந்த ஒரு “இப்ப”வை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஐப்பசி மழையில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. கொய்னா மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. ஆறு நாள். கடைசி இரண்டு நாளும் கண்ணைத் திறக்காமலேயே, “தண்ணி எங்கன நிக்குது?” என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். ஏரியைக் கேட்கிறீர்களா வாய்க்காலைக் கேட்கிறீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. “நேத்து நின்ன எடத்துலதான்ய்யா நிக்குது” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது எனக்குத் தெரியாமல் சொன்னது. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். அப்போதுகூட உங்கள் காதருகே குனிந்து அந்த ஒரு சங்கதியைச் சொல்லியிருக்கலாம். அம்மா பக்கத்தில் இருந்தார்கள். சொல்லவில்லை.

நீங்கள் போன மறுமாதம், லாஞ்சு ஓட்டும் மலையாளத்துச் சேட்டனிடம் உங்கள் கம்பளி இருப்பதாகச் சொல்லியனுப்பினார்கள். வாங்கிவரப் பெரியப்பாவோடு நானும் மலையேறினேன். இரண்டு வருஷம் நான் எழுதிய துறையை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன், அய்யா. அது நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. ஏரி நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. தண்ணீருக்குள் செத்த மரங்கள் கறுப்பாக நின்றுகொண்டிருந்தன. அவற்றைப் பற்றி நான் எவ்வளவோ எழுதியிருக்கிறேன், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நீர்க்காக்கை உட்கார்ந்திருக்கும் என்று நீங்கள் சொன்னதே இல்லை. அது மராமத்தில் சேராது என்று விட்டிருப்பீர்கள். நாலாங்கால் இருந்த இடத்தில் புது மரம் நின்றது, அது மட்டும் வெளுப்பாக.

பெரியப்பா தூரத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, சேட்டன் கம்பளியை என் கையில் கொடுத்துவிட்டு என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்.

“புஸ்தகம் எழுதுன கொச்சு நீதானே?”

நான் தலையாட்டினேன்.

“கால் முறிஞ்ச அன்னிக்கு ஓவர்சியர் இங்க வச்சுத்தான் புஸ்தகத்தைத் தொறந்தது, மோளே. ‘அமைதியுற்றதுன்னு எழுதிருக்கியே, அதனாலதான நான் மரம் வேண்டாம்னு அடிச்சேன், எழுதுனது யாரு’ன்னு கேட்டாரு. ஒன்றெ அச்சன் புஸ்தகத்தைப் பார்த்தான். பின்னே, ‘நாந்தாங்க’ன்னு சொன்னான். எழுதத் தெரியாத்த ஆளு! எனக்குத் தெரியுமே, அவன் பேரெழுதி ஒப்பு போடுறதே எறும்பு ஊருற மாதிரி. நான் வாயைத் தொறக்கப் போனேன். என்னெப் பார்த்துக் கண்ணு காட்டினான்.”

சேட்டன் உங்கள் குரலிலேயே சொல்வதுபோலச் சொன்னார்: “‘பிள்ளைக்குத் தெரிய வேணாம் சேட்டா. தெரிஞ்சா அது பெறகு எழுதாது’ன்னான்.”

நான் கம்பளியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரே வீட்டில், ஒரே சிம்னி விளக்கு வெளிச்சத்தில், ஒரே நோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பத்து மாதம் உட்கார்ந்திருந்தோம். எழுதக் கொடுக்கமாட்டீர்கள் என்று பயந்து நான் சொல்லவில்லை. எழுதமாட்டேன் என்று பயந்து நீங்கள் சொல்லவில்லை. வாசிக்கச் சொன்னீர்கள், அவ்வளவுதான். என்னைத் திருத்துவதற்கு அதைத் தவிர நீங்கள் வேறு ஒன்றும் செய்யவில்லை. ஏரியை விட்டு இறக்கப்பட்டதற்கு என்னை ஒரு கோபப் பார்வைகூடப் பார்க்கவில்லை.

இப்போது சொல்கிறேன், அய்யா. அந்தச் சொல்லை எழுதியது நான். தெரியாமல் எழுதினேன். தெரிந்த பிறகும் உங்களிடம் சொல்லாமல் இருந்தேன்.

இங்கே போர்டிங்கில் சமையல் செய்யும் அம்மாவுக்கு மகன் பட்டாளத்தில் இருக்கிறான். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் நான்தான் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். “ஒன்ன நெனச்சா சோறு எறங்க மாட்டேங்குது” என்று அந்த அம்மா சொன்னால், அதை அப்படியே எழுதுகிறேன். விளங்காத சொல் வந்தால் பேனாவை நிறுத்திவிட்டு, எனக்கு வெட்கமாக இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். முடிந்ததும், அவர்கள் கேட்காவிட்டாலும், “எழுதியதை ஒருமுறை வாசிக்கிறேன், கேளுங்கள்” என்கிறேன். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். அப்போது மட்டும் நான் அவர்கள் முகத்தை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை.

இதையும் உங்களுக்கு ஒருக்கா வாசிக்க வேண்டும். விளக்கணைக்கச் சொல்லும் முதல் மணி அடித்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரி, “யாருக்குடி இப்படி முணுமுணுன்னு வாசிக்கிற?” என்று கேட்டாள், குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டேன். முதல் பக்கம் முடிந்தது. மழையை மடியில் கட்ட முடியாது என்று நீங்கள் சொன்னதையும் வாசித்துவிட்டேன். சேவல் வரும் இடத்தில் கொஞ்சம் நிறுத்தினேன். இன்னும் இரண்டு பக்கம் இருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டார்கள்.